கரிமச் சூரிய மின்கலத்துக்கு எந்தக் கரைப்பான்? நச்சு குறைந்த வழிகளின் ஒப்பீடு

கரிமச் சூரிய மின்கலங்களைச் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுமாறி நிற்கிறார்கள். பின்பற்ற விரும்பும் செய்முறை குளோரோஃபார்மிலோ குளோரோபென்சீனிலோ எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கரைப்பான்களை நாள்தோறும் கையாளவோ, பெரிய பரப்பில் பூசவோ மனம் ஒப்பவில்லை. மாற்றாகச் சொல்லப்படுபவை பல: டொலுவீன், சைலீன், 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான், அனிசோல், தாவர எண்ணெய்களிலிருந்து பெறும் டெர்பீன்கள், நீர், இவை எதுவுமே வேண்டாத வெற்றிடப் படிவு. ஒவ்வொன்றின் பெயருக்கு முன்னும் 'பசுமை' என்ற அடைமொழி ஒட்டப்படுவதால், எது உண்மையில் நச்சு குறைந்தது, எது குளோரின் இல்லாதது மட்டுமே என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. ஹாலஜன் (குளோரின் அடங்கிய தனிமக் குடும்பம்) இல்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையின் ஒப்பீடு முழுவதும் அந்த வேறுபாட்டின் மீதே நிற்கிறது.

## எதை வைத்து மதிப்பிடுவது?

முதல் அளவுகோல் கரைதிறன். மின்கலத்தின் செயற்படலத்தில் எலெக்ட்ரான் வழங்கியும் ஏற்பியும் கலந்திருக்கும். வழங்கி பெரும்பாலும் பாலிமர், ஏற்பி பெரும்பாலும் ஒய்6 குடும்பத்தைச் சேர்ந்த சிறு மூலக்கூறு. இரண்டும் ஒரே கரைப்பானில், ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிகிராம் வரை கரைய வேண்டும். ஒன்று நன்றாகக் கரைந்து மற்றொன்று அரைகுறையாகக் கரைந்தால், உலரும்போது அரைகுறையாகக் கரைந்தது முந்திக்கொண்டு கட்டியாகத் திரளும்.

இரண்டாவது, உலரும் வேகம். வழங்கியும் ஏற்பியும் பத்து இருபது நானோமீட்டர் அளவில் பின்னிக் கிடந்தால்தான் ஒளி உண்டாக்கும் எக்ஸிட்டான்கள் (பிரியாத எலெக்ட்ரான்-துளை இணைகள்) எல்லையை எட்டி மின்னூட்டங்களாகப் பிரியும். கரைப்பான் நொடியில் பறந்துவிட்டால் பின்னல் நுண்மையாக உறைந்துவிடுகிறது; மெல்ல உலர்ந்தால் ஏற்பி பெரிய படிகங்களாக வளர நேரம் கிடைத்துவிடுகிறது. திறன் குறைவதற்குக் கரைப்பானின் வேதியியலைக் குறைசொல்லும் பல இடங்களில் உண்மைக் காரணம் இந்த நேரக்கணக்குதான் என்பது என் கருத்து.

மூன்றாவது, மனிதருக்கும் நீர்நிலைக்கும் ஏற்படும் தீங்கு. நான்காவது, தீப்பற்றும் தன்மையும் சேமிப்பில் உண்டாகும் ஆபத்தும். ஐந்தாவது, கழிவை அகற்றும் செலவு. ஆறாவது, படலத்தில் தங்கிவிடும் எச்சம் மின்கலத்தின் ஆயுளை என்ன செய்கிறது என்பது.

இவற்றுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை அளவு தீர்மானிக்கிறது. அதை ஒரு சிறு கணக்கில் காணலாம். 100 நானோமீட்டர் தடிப்புள்ள படலத்தை ஒரு சதுர மீட்டரில் பூச, பொருள் வெறும் 0.1 கன சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 0.12 கிராம் போதும். மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம் கரைசல் என்றால் 7.5 மில்லிலிட்டர் கரைப்பான் வேண்டும். குளோரோஃபார்மாக இருந்தால் அது ஆவியாகி இரண்டேகால் லிட்டருக்குச் சற்று மேற்பட்ட வளியாகும். 30 கன மீட்டர் கொண்ட மூடிய அறையில் அது பரவினால் பத்து லட்சத்தில் 75 பங்கு என்ற செறிவை எட்டும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் ஒருபோதும் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கும் உச்சவரம்பு 50 பங்கு. ஒரே ஒரு சதுர மீட்டர் அந்த வரம்பை உடைத்துவிடுகிறது. அதே அளவு ஆர்த்தோ-சைலீன் 50 பங்கை எட்டும். அதற்கான எட்டு மணி நேரச் சராசரி வரம்பு 100 பங்கு. வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, ஆனால் இரண்டாவது சதுர மீட்டரோடு அந்த இடைவெளி தீர்ந்துவிடும். எனவே கரைப்பானை மாற்றியதால் காற்றோட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எவரும் எண்ண வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | கொதிநிலை (டிகிரி செல்சியஸ்) | தீப்பற்று வெப்பநிலை (டிகிரி செல்சியஸ்) | முதன்மைக் கவலை | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| குளோரோஃபார்ம் | 61 | தீப்பற்றாது | கல்லீரல் பாதிப்பு, புற்றுநோய் ஐயம் | புதிய பொருளின் முதல் சோதனை |
| குளோரோபென்சீன் | 132 | 28 | நீர்வாழ் உயிர்களுக்கு நச்சு, ஹாலஜன் கழிவு | பழைய செய்முறையோடு ஒப்பிடுதல் |
| டொலுவீன் | 111 | 4 | கருவளர்ச்சிக்குத் தீங்கு பற்றிய ஐயம் | சூடான பிளேடு பூச்சு (தகட்டு விளிம்பால் இழுத்துப் பரப்புதல்) |
| ஆர்த்தோ-சைலீன் | 144 | 32 | நரம்பு மண்டலம், எரிச்சல் | பெரிய பரப்பு, தொடர் பூச்சு |
| 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான் | 80 | மைனஸ் 11 | பெராக்சைடு, தீ, கண் பாதிப்பு | கரையும் பொருள் அமைந்தால் மட்டும் |
| அனிசோல் | 154 | 43 அளவில் | மெதுவாக உலர்தல் | சூடேற்றும் வசதியுள்ள பூச்சு |
| நீர்த் துகள்கள் | 100 | தீப்பற்றாது | பரப்புச் செயலி எச்சம், குறைந்த திறன் | திறந்த வெளி அச்சு, நீண்டகால ஆய்வு |
| வெற்றிடப் படிவு | பொருந்தாது | பொருந்தாது | முதலீடு, பொருள் வரம்பு | சிறு மூலக்கூறுகள் |

## குளோரோஃபார்மும் குளோரோபென்சீனும்: பழைய வழியிலேயே தொடர்வது

மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு முன், இவை ஏன் இத்தனை காலம் நிலைத்தன என்பதை ஒப்புக்கொள்வதுதான் நேர்மை. நீண்ட இரட்டைப் பிணைப்புத் தொடர்களைக் கொண்ட தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளத் துடிப்பவை. அந்த அடுக்குகளைப் பிரித்து வைக்கும் ஆற்றல் குளோரின் ஏற்றிய கரைப்பான்களுக்கு அதிகம். 2019-இல் யிங்பிங் ஸோ குழுவினர் ஒய்6 ஏற்பியை அறிமுகப்படுத்தி 15.7 சதவீதத் திறனைக் காட்டிய பிறகு, குளோரோஃபார்ம் ஏறத்தாழ இயல்பான தேர்வாகவே ஆகிவிட்டது. சுழலும் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு விட்டால் ஓரிரு நொடிகளில் அடர்நீலப் படலம் வழவழப்பாக நின்றுவிடும். வேறெதையும் கட்டுப்படுத்த வேண்டியதில்லை.

விலைப்பட்டியலில் தென்படாத செலவுகள் வேறிடத்தில் இருக்கின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்மை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. அதன் மணம் மூக்குக்கு எட்டும்போதே செறிவு பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்புண்டு. ஆகவே 'மணமே வரவில்லை' என்பது காப்பல்ல. ஒளியும் காற்றும் பட்டால் அது மெல்லச் சிதைந்து ஃபாஸ்ஜீன் என்ற கொடிய வளியைத் தரும். அதைத் தடுக்கவே எத்தனாலையோ அமைலீனையோ நிலைப்படுத்தியாகச் சேர்த்து விற்கிறார்கள். எந்த நிலைப்படுத்தி என்பதைக் கவனிக்காமல் புட்டியை மாற்றினால், அதே செய்முறை வேறு முடிவைத் தரலாம், ஏனெனில் ஒரு சதவீத அளவு எத்தனாலே பாலிமரின் கரைதிறனை அசைத்துவிடும். காற்றுப் புகாமல் மூடிய க்ளவ் பாக்ஸ் பெட்டியினுள் பயன்படுத்தினால் ஆக்ஸிஜனை அகற்றும் தாமிர வினையூக்கியை ஹாலஜன் ஆவி கெடுக்கிறது. கழிவையும் தனியே பிரித்து, உயர் வெப்பத்தில், அமில வளியை வடிகட்டும் உலையில்தான் எரிக்க முடியும். மற்றக் கரிமக் கழிவோடு ஒரு கோப்பை கலந்தாலும் முழுக் கலனும் ஹாலஜன் கழிவாகிவிடும்.

புதிதாகத் தொகுத்த பொருள் ஐம்பது மில்லிகிராம் மட்டுமே கையில் இருக்கும்போது, அது மின்கலமாக இயங்குமா என்று அறிய ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் நல்ல ஃபியூம் ஹூட்டின் கீழ் குளோரோஃபார்மைப் பயன்படுத்துவதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த முடிவை அப்படியே பெரிய பரப்புக்குக் கொண்டுபோக முடியும் என்று நம்புவதுதான் தவறு. 61 டிகிரியில் கொதிக்கும் கரைப்பான் பூச்சுத் தலையின் விளிம்பிலேயே உலர்ந்து, படலத்தில் நீளக் கோடுகளை இழுத்துவிடும்.

## டொலுவீனும் சைலீனும்: இன்று மிகவும் முதிர்ந்த மாற்று

2016-இல் ஹாங்காங்கில் ஹே யான் குழுவினர் 1,2,4-ட்ரைமெத்தில்பென்சீனில் பூசிய மின்கலங்களில் 11.7 சதவீதம் எட்டியது ஒரு திருப்புமுனை. ஹாலஜன் கரைப்பானை விட்டால் திறனையும் விட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தை அது உடைத்தது. அதன் பின் ஆர்த்தோ-சைலீனிலும் டொலுவீனிலும் பூசிய மின்கலங்கள் 19 சதவீதத்தைக் கடந்துவிட்டன. எனவே, திறனைக் காரணம் காட்டி இந்த வழியை மறுக்க இனி இடமில்லை.

இந்த வெற்றியில் கரைப்பானைவிடப் பொருளின் பங்கே பெரிது. ஒய்6-இன் கிளைச் சங்கிலிகளை நீட்டினால் அது சைலீனில் எளிதாகக் கரைகிறது. பிடிபி-4எஃப்-12, பிடிபி-ஈசி9 போன்ற ஏற்பிகள் அப்படிப் பிறந்தவையே. ஆனால் கிளைச் சங்கிலி மின்னூட்டத்தைக் கடத்தாது; அளவுக்கு மீறி நீட்டினால் மூலக்கூறுகளின் நெருக்கம் தளர்ந்து மின்னோட்டம் குறையும். ஆகவே கையிலுள்ள பொருள் சைலீனுக்காக வடிவமைக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால், குளோரோஃபார்மில் 17 சதவீதம் தந்த கலவை சைலீனில் 13-க்கு இறங்கினாலும் வியப்பில்லை. அதற்குச் சைலீனைப் பழி சொல்லக் கூடாது.

செயல்முறையில் மாற வேண்டியது வெப்பம். பிஎம்6 போன்ற வழங்கிப் பாலிமரை ஆர்த்தோ-சைலீனில் 80 டிகிரியில் கலக்கும்போது கரைசல் தெளிந்த நீல ஊதாவாக ஓடும்; அந்தப் புட்டியைச் சூட்டுத் தட்டிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் மேசையில் வைத்தால், சாய்த்தாலும் நகராத கூழாகிவிடக் காணலாம். பூச்சுத் தலை, குழாய், ஊசி, அடித்தட்டு எல்லாமே சூடாக இருந்தால்தான் இந்த வழி கைகொடுக்கும். ஒரே ஒரு குளிர்ந்த இணைப்பு போதும், அடைப்பு விழ. அடித்தட்டை 60 முதல் 100 டிகிரி வரை சூடேற்றி, மேலிருந்து நைட்ரஜனையோ காற்றையோ கத்திபோல் வீசினால், 144 டிகிரியில் கொதிக்கும் சைலீனும் சில நொடிகளில் உலர்ந்துவிடும். நெகிழியை அடித்தட்டாக வைப்பவர்கள் இந்த வெப்பத்தை அது தாங்குமா என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி நச்சின் கணக்கு. டொலுவீன் கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யும் என்ற ஐயத்துக்குரிய பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. செம்21 என்ற ஐரோப்பியக் கூட்டு ஆய்வுத் திட்டம் 2016-இல் வெளியிட்ட கரைப்பான் வழிகாட்டி அதைச் சிக்கலானது என்ற வரிசையில்தான் வைக்கிறது. சைலீனுக்கு அந்த ஐயம் குறைவு, ஆவியாதலும் குறைவு, தீப்பற்று வெப்பநிலையும் உயர்வு. இரண்டுக்கும் இடையில் நான் தயக்கமின்றி ஆர்த்தோ-சைலீனையே எடுப்பேன். டொலுவீன் விரைவாக உலரும் என்பதற்காக மட்டும் அதைத் தேர்வது, காற்றுக் கத்தி ஒன்றை வாங்குவதால் தீர்ந்துவிடும் சிக்கலுக்கு உடல்நலத்தை ஈடு வைப்பதாகும். குளோரோஃபார்மிலிருந்து எதற்கு மாறினாலும் தீ ஆபத்து புதிதாக நுழைகிறது என்பதை மறக்கக் கூடாது. அதுவரை பொறி படாத மின்சாதனங்களைப் பற்றி எண்ணாத இடத்தில் இனி எண்ண வேண்டும்.

## 2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான்: தாவர மூலம், ஆனால் நிபந்தனைகளோடு

சோளக் கதிர்த்தண்டு, கரும்புச் சக்கை போன்ற வேளாண் எச்சங்களிலிருந்து பெறும் ஃபர்ஃபியூராலைக் கொண்டு இதைத் தயாரிக்க முடியும் என்பது இதன் பெரிய ஈர்ப்பு. மருந்துகளில் கரைப்பான் எச்சத்துக்கான பன்னாட்டு வழிகாட்டுதலில் இது தீங்கு குறைந்த மூன்றாம் பிரிவில் இருக்கிறது; கொதிநிலையும் குளோரோஃபார்முக்கு அருகில் இருப்பதால், மாற்றுவது எளிது என்று தோன்றும்.

அன்றாடக் கையாளுகையில் இரண்டு தடைகள் எதிர்ப்படுகின்றன. பெயர்பெற்ற வழங்கிப் பாலிமர்கள் பலவும் இதில் போதுமான அளவு கரைவதில்லை. இரண்டாவது பெராக்சைடு: ஈதர் வகையைச் சேர்ந்ததால் காற்றுப் பட்டால் வெடிக்கும் தன்மையுள்ள பெராக்சைடுகளை இது உருவாக்கும். அதைத் தடுக்கச் சேர்க்கும் பிஎச்டி (BHT, பியூட்டிலேற்றிய ஹைட்ராக்ஸிடொலுவீன்) என்ற நிலைப்படுத்தி கரைப்பானோடு பறந்துவிடாமல் படலத்தில் தங்கும். நிலைப்படுத்தி இல்லாததை வாங்கினால் புட்டியைத் திறந்த தேதியை எழுதி, பெராக்சைடு சோதனைத் தாளால் தவறாமல் சோதிக்க வேண்டும். சோதிக்கும் பழக்கம் இல்லாத ஆய்வகத்துக்கு இதைப் பரிந்துரைக்க என்னால் முடியாது. இதே குடும்பத்தின் டெட்ராஹைட்ரோஃபியூரானுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். அதோடு அது புற்றுநோய் ஐயத்துக்குரியதும்கூட.

## அனிசோலும் டெர்பீன்களும்

செம்21 வழிகாட்டி பரிந்துரைக்கும் கரைப்பான்களில் அனிசோல் ஒன்று. பென்சீன் வளையம் உள்ளதால் தட்டையான மூலக்கூறுகளோடு நன்கு இணங்குகிறது; ஆர்த்தோ-சைலீனில் வெற்றி கண்டவர்களுக்கு அடுத்த படி இதுதான் என்று சொல்வேன். 10 டிகிரி கூடுதல் கொதிநிலைக்கு ஏற்ப வெப்பத்தையும் வீச்சுக் காற்றையும் உயர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவே.

லிமோனீனைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எலுமிச்சை இனத் தோலிலிருந்து வருவது என்பதால் பாதுகாப்பானது என்று பலரும் கருதுகிறார்கள். ஆனால் அது நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நச்சு, காற்றில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்தால் தோல் ஒவ்வாமையையும் தூண்டும். பாலிமர்களைக் கரைக்கும் ஆற்றலும் குறைவு. மூலம் தாவரம் என்பது விளைவுக்குச் சான்றாகாது.

## நீரில் மிதக்கும் நானோ துகள்கள்

மனத்தளவில் எல்லாரையும் கவர்வது இந்த வழிதான், என்னையும் கவர்கிறது. வழங்கியும் ஏற்பியும் நீரில் கரையா, ஆனால் சில பத்து நானோமீட்டர் துகள்களாக நீரில் மிதக்கும். அந்த மையை ஃபியூம் ஹூட் இல்லாமல் பூசலாம்.

துகள்களைச் செய்யும் முறையைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் கணக்குத் தெளிவாகும். சிறுகுழம்பு முறையில் பொருளை முதலில் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானில் கரைத்து, சோப்பு போன்ற பரப்புச் செயலி சேர்த்த நீரில் மீயொலியால் அடித்துக் குழம்பாக்கி, பிறகு சூடேற்றிக் கரைப்பானை வெளியேற்றுகிறார்கள். பூசும் தொழிலாளி நச்சிலிருந்து தப்புகிறார். நச்சு மை தயாரிக்கும் அறைக்கு இடம்பெயர்கிறது. மூடிய கலத்தில் ஆவியைக் குளிர்வித்து மீட்க முடிந்தால் இது உண்மையான முன்னேற்றம். மீட்காமல் வெளியே விட்டால் பெயரளவு மாற்றமே. சைலீன் போன்றவற்றைக் கொண்டும் குழம்பாக்கலாம் என்பதால், எந்தக் கரைப்பானிலிருந்து துகள் வந்தது என்று கேட்காமல் 'நீர் வழி' என்ற சொல்லை ஏற்க வேண்டாம்.

திறன் பின்தங்குவதற்கும் காரணங்கள் உண்டு. பரப்புச் செயலி துகள்களின் மேல் மின்கடத்தா உறையாக நிற்கிறது. அதைக் கழுவி நீக்க நிறைய நீரும் நேரமும் வேண்டும், அளவுக்கு மீறி நீக்கினால் துகள்கள் திரண்டு அடியில் படிந்துவிடும். துகளுக்குள்ளேயே ஒரு பொருள் மையத்திலும் மற்றொன்று ஓட்டிலும் பிரிந்துவிடுவதால், மையத்தில் பிறந்த மின்னூட்டம் வெளியேற வழியின்றிச் சிக்குகிறது. நீரின் பரப்பு இழுவிசை சைலீனைப் போல் இரு மடங்குக்கும் மேல், ஆகவே பல அடித்தளங்களில் அது பரவாமல் முத்தாக உருளும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கச் சைலீனுக்குத் தேவைப்படுவதைப்போல் ஆறு மடங்குக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆண்டுக் கணக்கில் ஆய்வு செய்ய இடமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இது மதிப்புள்ள களம். ஆறு மாதத்தில் இயங்கும் மின்கலத் தொகுதியைக் காட்ட வேண்டியவர்களுக்கு அல்ல.

## கரைப்பானே இல்லாமல்: வெற்றிடப் படிவு

டிரெஸ்டன் நகரின் ஹெலியாடெக் நிறுவனம் சிறு மூலக்கூறுகளை வெற்றிடத்தில் ஆவியாக்கி நெகிழிச் சுருளில் படிய வைக்கிறது. கரைப்பான் சிக்கல் அடியோடு நீங்குகிறது. ஆனால் பாலிமர்கள் ஆவியாகா, ஒய்6 போன்ற பெரிய மூலக்கூறுகளையும் சிதையாமல் ஆவியாக்குவது கடினம்; ஆகவே இது கரைப்பான் மாற்றம் அல்ல, பொருள், கருவி, முதலீடு அனைத்தின் மாற்றம்.

## எந்த நிலையில் எது?

சிறு தட்டுகளில் பொருளைச் சலித்துப் பார்க்கும் கட்டத்தில், கரைப்பானைவிடச் சுழற்சிப் பூச்சே பெரிய வீணடிப்பு. 15 மில்லிமீட்டர் சதுரத் தட்டில் 30 மைக்ரோலிட்டர் விட்டால், படலத்துக்கு உண்மையில் தேவைப்படுவது 2 மைக்ரோலிட்டருக்கும் குறைவு. மீதி சுற்றுச் சுவரில் தெறிக்கிறது. எளிய பிளேடு பூச்சுக்கு மாறுவதே அங்கே நச்சைக் குறைக்கும் மலிவான வழி. அதன் பிறகு சைலீனுக்கு மாறுவதும் எளிதாகும்.

பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சில பத்து சதுர சென்டிமீட்டருக்குப் போகிறவர்கள் ஆர்த்தோ-சைலீனில் தொடங்கி, வசதி கூடும்போது அனிசோலை முயல்வதே நான் சொல்லும் வழி. குளோரோஃபார்மில் செம்மைப்படுத்திவிட்டுக் கடைசியில் கரைப்பானை மாற்றலாம் என்று ஒத்திவைத்தால், வழங்கி ஏற்பி விகிதம், வெப்பம், தடிப்பு எல்லாவற்றையும் மறுபடி தேட வேண்டிவரும்.

எத்தேர்வாயினும் கரைசலில் சிறிதளவு கலக்கும் சேர்க்கைப் பொருளைச் சோதிக்காமல் விடாதீர்கள். ஹாலஜன் அற்றது என்று எழுதிய செய்முறைகளில்கூட, அரை சதவீதம் 1-குளோரோநாப்தலீனோ 1,8-டைஅயோடோஆக்டேனோ ஒளிந்திருப்பதுண்டு. பின்னது எளிதில் ஆவியாகாமல் படலத்தில் தங்கி, ஒளி பட்டுச் சிதைந்து, மின்கலத்தின் ஆயுளைக் குறைக்கிறது. டைஃபீனைல் ஈதர் போன்ற ஹாலஜன் அற்ற சேர்க்கைகளை முதலில் முயல்வது நல்லது.

பாலிமரைத் தயாரிக்கும் இடத்தையும் கேளுங்கள். நாம் பூசும் வழங்கிகளில் பெரும்பாலானவை நச்சுமிக்க கரிம வெள்ளீயச் சேர்மங்களைக் கொண்டு இணைக்கப்பட்டு, கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பொருளைப் பிரிக்கும் சாக்ஸ்லெட் கருவியில் கடைசியாகக் குளோரோஃபார்மாலேயே பிரித்தெடுக்கப்படுகின்றன. ஒரு கிராம் பாலிமரைத் தூய்மையாக்கச் செலவாகும் குளோரோஃபார்ம், அதே கிராமைப் பூசத் தேவையானதைவிட அதிகமாக இருக்கக்கூடும். வெள்ளீயம் இன்றி இணைக்கும் முறையில் தயாரித்தது கிடைத்தால் விலை சற்றுக் கூடினாலும் அதை வாங்குங்கள். பூச்சு முடிந்த பிறகு குழாயையும் பூச்சுத் தலையையும் எதைக் கொண்டு கழுவுவது என்பதையும் செய்முறைத் தாளிலேயே எழுதி வையுங்கள். அந்த வரி காலியாக இருந்தால், நாள் முழுவதும் சைலீனில் பூசியவர் மாலையில் கைக்கெட்டிய குளோரோபென்சீனைத்தான் எடுப்பார். 80 டிகிரிச் சைலீனை இருமுறை ஓட்டினால் குழாய் நிறமற்றுத் தெளியும். முதல் முறை ஓட்டியதைத் தனிப் புட்டியில் பிடித்து வைத்தால் அதிலுள்ள பொருளையும் மீட்கலாம்.